கோதுமை ஒவ்வாத குடல்

கோதுமை சத்துள்ள தானியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிலருடைய குடலுக்கு அதுவே பகையாகின்றது. இந்நோயைச் சீலியாக் நோய் என்பர். இதற்குக் கோதுமையே காரணம் என்பதை ஹாலந்து நாட்டு மருத்துவர் டிக்கே 1950-ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியில் காட்டினார்.

கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம் முற்றும் செரிப்பதில்லை. எஞ்சும் துணுக்குகளைக் குடலிலுள்ள நொதியொன்று சிறிது மாற்றுகின்றது. டி.க்யூ.2, டி.க்யூ.8 என்னும் புரதங்களுக்குரிய மரபணுக்களைப் பெற்றோர் வழியாகப் பெற்றவர்களிடம், அத்துணுக்குகள் அப்புரதங்களோடு பூட்டும் சாவியும்போலப் பொருந்துகின்றன. உடலின் காவற்படை அவற்றைப் பகையெனக் கருதிப் போரிடுகின்றது. அப்போரில் உணவுச் சத்தை ஈர்க்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன.

விதை இருந்தும் ஈரமின்றேல் முளைக்காது. அதுபோல் இம்மரபணு உள்ளோருள் மிகச் சிலருக்கே நோய் வரும். 2016-இல் வெளியான ஆய்வின்படி, இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் வடஇந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் காணப்பட்டன.

அரிதெனினும் அசட்டை கூடாது. நீடித்த வயிற்றுப்போக்கு, வளர்ச்சிக் குறைவு, மருந்துக்கு அடங்காத சோகை ஆகியவை உள்ள குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தலாகாது. நிறுத்தினால் நோய் புலப்படாமற் போகலாம்.

நோய் உறுதியானால் கோதுமையை வாழ்நாள் முழுதும் விலக்க வேண்டும். ரவை, மைதா, பெரும்பாலான சேமியா ஆகியவையும் கோதுமையே; கூட்டுப் பெருங்காயத்திலும் அதன் மாவு கலந்திருக்கலாம். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் தீங்கற்றவை. கோதுமை அரைத்த இயந்திரத்தில் மட்டும் அவற்றை அரைக்கலாகாது. நம் வயலின் தானியமே இந்நோய்க்கு நல்ல மருந்து.