இல்லத்திலேயே மின்சுற்றுப் பலகை செய்யும் முறை

மேல்நிலைத் தொட்டி நிரம்பி நீர் வீணே வழிந்தோடுவதைப் பல சிற்றூர்களில் காண்கிறோம். தொட்டி நிரம்பியதும் ஒலி எழுப்பும் சிறு கருவியை ஒரு டிரான்சிஸ்டர், இரண்டொரு மின்தடைகள், ஒரு பஸ்ஸர், 9 வோல்ட் பாட்டரி ஆகியவற்றைக் கொண்டு அமைத்துவிடலாம். ஆனால் வெறுங் கம்பிகளால் பிணைத்தால் இணைப்புகள் விரைவில் தளர்ந்துவிடும். செம்புப் பாதைகள் பதிந்த பலகையே நிலைக்கும். பால் ஐஸ்லர் என்பார் 1930-களில் இங்கிலாந்தில் உருவாக்கிய இம்முறையை, இன்று இஸ்திரிப் பெட்டி உள்ள எவரும் தம் இல்லத்திலேயே கையாளலாம்.

கடையில் கிடைக்கும் செம்பு பூசிய பலகை பெரும்பாலும் 1.6 மி.மீ. கனமுடையது, அதன் செம்புப் படலம் 35 மைக்ரான். வேண்டாத செம்பை அரித்து நீக்குவதே இத்தொழிலின் சாரம். லேசர் அச்சுப்பொறியின் டோனர் ஒருவகைப் பிளாஸ்டிக் தூளாதலால், சூட்டில் இளகிச் செம்பில் ஒட்டிக்கொண்டு, அதனை அரிப்பினின்றும் காக்கிறது. மை தெளிக்கும் அச்சுப்பொறி இதற்கு உதவாது.

வரைபடத்தை வழவழப்பான தாளில் அச்சிடுக. செம்புப் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த படமாயின் இடவலம் மாற்றியே அச்சிட வேண்டும். நாம் முதன்முறை இதனை மறந்து, டிரான்சிஸ்டரின் கால்கள் மாறிப்போய், ஒரு பலகையை வீணாக்கினோம்! பாதைகள் 1 மி.மீ. அகலம் இருப்பது தொடக்கக்காரர்க்கு நன்று.

தோல்விகளில் பெரும்பாலானவை அழுக்கினால் விளைவன. செம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி உலர்த்துக. அதன்பின் விரல் படலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் டோனர் ஒட்டாது. தாளை அச்சுப்பக்கம் செம்பில் படுமாறு கவிழ்த்து, நீராவியின்றி நல்ல சூட்டில் நான்கைந்து நிமிடம், ஓரங்களை விடாது அழுத்தித் தேய்க்க வேண்டும். ஆறியபின் நீரில் ஊறவிட்டுத் தாளைக் கட்டைவிரலால் உருட்டி எடுக்கவும். பிசிறிய கோடுகளை அழியாத மைப்பேனாவால் சரிசெய்யலாம்.

பெர்ரிக் குளோரைடைப் பிளாஸ்டிக் தட்டிலுள்ள நீரில் சிறிது சிறிதாக இடுக, கரைசல் சூடேறும். உலோகப் பாத்திரம் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இன்றியமையாதவை. தட்டை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தால் செம்பு அரைமணிக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். பலகையைக் கழுவி, டோனரைத் தின்னரால் துடைத்து, 1 மி.மீ. துளைகள் இடலாம். துளையிடும்போது எழும் தூளைச் சுவாசியாதிருக்க மூக்கை மூடிக்கொள்க. இத்தகைய பலகையை 230 வோல்ட் மின்சாரத்தோடு இணைக்கவே கூடாது.

கரைசலைப் பலமுறை பயன்படுத்தலாம். வேகம் குன்றியபின் அதனை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டுவோர் உளர்; இது பெருந்தவறு. கரைந்த செம்பு மீன்களுக்கும் பயிருக்கும் நஞ்சாகும். நீரைக் காக்கச் செய்த கருவியால் நீரைக் கெடுக்கலாமா? நுரை அடங்கும்வரை சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் செம்பும் இரும்பும் கசண்டாகப் படியும். அதனைப் பிள்ளைகளும் கால்நடைகளும் அணுகாவண்ணம் தட்டிலேயே உலரவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பெயரெழுதி வைத்திருந்து, அபாயகரமான கழிவுகளைத் திரட்டுவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.