ஆய்வுக் கட்டுரையை அனுப்பும் முன்: தர்மபுரியின் நோய்ப்பரவல் ஆய்வாளர்களுக்கு

தர்மபுரி நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. இங்கே பல்லையும் எலும்பையும் பரிசோதித்து எழுதும் கட்டுரை இங்குள்ளவர்களுக்கே எட்ட வேண்டாமா? சந்தா இதழ்களைப் படிக்க 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத்தான். ஊராட்சித் தலைவருக்கு அதில் வழியில்லை. திறந்த அணுக்க இதழென்றால் அவரும் காசில்லாமல் படிக்கலாம்.

செய்ய வேண்டியவை

• இதழின் பெயரை டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் தேடுங்கள். 2003 முதல் திறந்த அணுக்க இதழ்களைத் தொகுத்துவரும் பட்டியல் இது.

• பதிப்புக் கட்டணத்தை முதலிலேயே விசாரியுங்கள். கட்டணமே வாங்காத திறந்த இதழ்களும் உண்டு.

• கட்டுரை சந்தா இதழில்தான் வருகிறதா? ஏற்கப்பட்ட கைப்பிரதியை இணையக் களஞ்சியத்தில் ஏற்ற அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

• நோய்ப்பரவல் ஆய்வுகளில் எவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லும் 'ஸ்ட்ரோப்' (STROBE) சரிபார்ப்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். 'ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல்' என்பதோடு நிறுத்தாதீர்கள். மழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறலாம். எந்த மாதம், எத்தனை ஆழ்துளைக் கிணறு, எந்த முறையில் அளந்தது என்பதும் வேண்டும்.

• நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை ஆய்வு தொடங்கும் முன்பே வாங்குங்கள்.

செய்யக்கூடாதவை

• 'மதிப்பிற்குரிய டாக்டர், 48 மணி நேரத்தில் ஏற்பு உறுதி' என்று வரும் மின்னஞ்சலுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒழுங்கான மதிப்பாய்வுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஆகும்.

• 'யு.ஜி.சி.-கேர் இதழ்' என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். ஏற்கத்தக்க இதழ்களின் அந்தப் பட்டியலையே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2025இல் கைவிட்டுவிட்டது.

• ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள்.

• ஆளை அடையாளம் காட்டும் அட்டவணையை வெளியிடாதீர்கள். நாற்பது வீடுள்ள மலைக்கிராமத்தின் பெயருக்கு எதிரே '52 வயது, பெண், காசநோய்' என்று ஒரு வரி போதும், அது யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். திறந்த இதழை யாரும் படிக்கலாம் என்பதால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

• ஆய்வில் கை வைக்காத துறைத் தலைவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்க்காதீர்கள். களத்தில் அலைந்து தரவு சேர்த்து, எழுதுவதிலும் பங்கெடுத்த இளையவரின் பெயரை விட்டுவிடவும் கூடாது.

• அச்சானதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தால், திறந்து வைத்தும் ஊராருக்குப் பயனில்லை. எந்தக் கிணற்று நீரைக் குடிக்கக்கூடாது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஊராட்சி அலுவலகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கொடுங்கள்.