வெள்ள நிவாரணம்: ஈகையும் ஒழுங்கும்

பாலாறு பெரும்பாலும் மணலாகவே நமக்குக் காட்சி தருகிறது. கர்நாடகத்தில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழகத்தில் 222 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு ஆண்டில் பல மாதங்கள் வறண்டே கிடக்கிறது. ஆகவே கரையில் வாழ்வோர் வெள்ளத்தை மறந்துவிடுகின்றனர். ஆனால் ஆறு தன் வழியை மறப்பதில்லை. 1903 நவம்பரில் வந்த வெள்ளம் வாணியம்பாடியில் பல உயிர்களைக் கொண்டது. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் பாய்ந்தது.

அந்த நவம்பர் 19 ஆம் நாள் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடொன்று இடிந்து, நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் மாண்டனர். இச்செய்தி நமக்குப் புகட்டும் பாடம் ஒன்று உண்டு. நிவாரணம் என்பது வெள்ளம் வடிந்தபின் சோறும் துணியும் வழங்குவது மட்டுமன்று. பழுதான சுவருக்குள் இருப்போரை உரிய நேரத்தில் பள்ளிக் கட்டடத்திற்கோ சமுதாயக் கூடத்திற்கோ அழைத்துச் செல்வதே முதல் உதவியாகும். மழை நின்ற பின்னரும் மண்சுவர் சரியக்கூடும். சுவரைப் பார்வையிடாமல் குடும்பங்களைத் திருப்பி அனுப்புதல் கூடாது.

ஈகை எங்கே தடைப்படுகிறது?

சத்துவாச்சாரி முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை, தோல் பதனிடும் தொழிலையும் காலணித் தொழிலையும் நம்பி வாழும் ஏழைக் குடும்பங்கள் பல. வேலை நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும். இத்தகையோர்க்கு உதவ நல்லுள்ளம் படைத்தோர் முன்வருவதில் நம் நாட்டில் குறைவில்லை. வருகின்ற உதவி உரியவரை அடைகின்றதா என்பதே கேள்வி.

சத்துவாச்சாரியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளது. அதுவரை பொருள்கள் எளிதில் வந்துவிடும். அங்கிருந்து ஆற்றோரக் கிராமத்தின் கடைசித் தெருவுக்குச் செல்லும் வழியை அந்த ஊராரே அறிவர். வழிகாட்டுவார் இல்லையெனில் லாரி சாலையோரத்திலேயே நின்றுவிடும். வலியவர் இருமுறை பெறுவர். முதியவரும் கைக்குழந்தை உடைய தாயும் வெறுங்கையுடன் திரும்புவர்.

கேளாமல் அனுப்பும் பொருளும் சுமையாகும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின், நாகப்பட்டினம் பகுதியில் பழந்துணிகள் கேட்பாரின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அன்போடு அனுப்பிய பொருளேயாயினும் தேவையறிந்து அனுப்பாமையால் அது பயன்படவில்லை.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை

முதலாவது, வீட்டுவாரிப் பதிவேடு. மழைக்காலத்திற்கு முன்பே இதனை ஆயத்தம் செய்தல் வேண்டும். தாழ்ந்த இடத்து வீடுகள், மண்சுவர் வீடுகள், முதியோர், கருவுற்றோர், ஊனமுற்றோர், கால்நடைகள் ஆகிய விவரங்கள் இதில் இடம்பெறட்டும். பட்டா இல்லாதவரையும், வாடகைக்கு இருப்பவரையும், குடும்ப அட்டை பெறாதவரையும் விட்டுவிடலாகாது. நிவாரணத்தில் விடுபடுவோர் பெரும்பாலும் இவர்களே.

இரண்டாவது, ஒரே இடத்தில் வரவும் பங்கீடும். எந்தச் சங்கம் கொடுத்தாலும் பொருளை ஓரிடத்தில் பதிந்து, தெருவாரியாகப் பங்கிட்டு, கணக்கை எல்லாரும் காணும்படி பலகையில் எழுதுக. கணக்கு வெளிப்படையாயின் ஐயம் எழாது. கொடுப்போரும் மறுமுறை மகிழ்ந்து கொடுப்பர்.

மூன்றாவது, குடிநீர். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைச் சுகாதாரப் பணியாளர் சோதிக்கும்வரை பருகலாகாது. பிளீச்சிங் பவுடர் நோய்க்கிருமிகளைக் கொல்லும். ஆனால் தோல் கழிவின் உப்பையும் குரோமியத்தையும் அது அகற்றாது. காய்ச்சுவதாலும் அவை நீங்கா. ஆகவே தோல் தொழிற்சாலைகளின் அருகிலுள்ள ஊர்களில் உதவ விரும்புவோரிடம் முதலில் லாரித் தண்ணீரைக் கேட்டுப் பெறுவதே தக்கது.

நான்காவது, கால்நடையும் பயிரும். வைக்கோற்போர் நனைந்து அழுகிவிட்டால் மாடு பட்டினி கிடக்கும். ஆதலால் தீவனமும் நன்கொடையாகக் கேட்கத் தக்கதே. இறந்த கால்நடையைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் சான்று பெறுதல் நன்று. பயிர்ச்சேதம் 33 விழுக்காட்டிற்குக் குறையாதபோதே அரசின் பேரிடர் நிவாரண விதிகளின்படி உதவி கிடைக்கும். 2022 முதல் 2026 வரையிலான விதிகளில் பாசன நிலத்திற்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும், மானாவாரி நிலத்திற்கு 8,500 ரூபாயும் வகுக்கப்பட்டன. கணக்கெடுக்க வரும் கிராம நிர்வாக அலுவலருடனும் வேளாண்மை அலுவலருடனும் வயலுக்குச் சென்று, குத்தகைதாரரின் சேதத்தையும் பதியச் செய்தல் உறுப்பினரின் கடமையாகும்.

கூடி ஆராய்வதற்கு

அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் மூன்று வினாக்களுக்கு விடை காண்பார்களாக. நம் ஊரில் முதலில் நீர் புகும் வீடு எது? அவ்வீட்டார் இரவில் தங்குவதற்குரிய கட்டடத்தின் சாவி எவரிடம் உள்ளது? சென்ற முறை உதவி பெறாது விடுபட்டவர் யாவர்?

இவற்றிற்கு விடையறிந்த ஊரில் ஒரு மூட்டை அரிசியும் வீணாகாது. கொடுப்பவரின் கருணையைப் பெறுபவரின் வாயில்வரை கொண்டு சேர்ப்பது ஊராட்சியின் பொறுப்பு. வானம் தெளிந்திருக்கும் நாளிலேயே அதற்கான பணியைத் தொடங்குவோமாக.