அசையும் இணையதளத்துக்கு அபிப்பிராயம் பெறும் முறை

இணையதளம் அமைக்கும் தொழிலில் உள்ளோர், தம் திறமையைப் புலப்படுத்தும் பொருட்டு அசைவுகள் நிறைந்த சொந்தத் தளத்தை உருவாக்கி, அதைப் பிறரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கையில், கீழ்க்கண்டவற்றை அனுசரித்தால் பிரயோஜனம் மிகும்.

• “எப்படி இருக்கிறது?” என்று பொதுப்படக் கேட்டால் “பிரமாதம்” என்ற உபசார வார்த்தையே கிடைக்கும்; ஆகையால், “நான் கடைசியாகச் செய்த வேலையைக் கண்டுபிடியுங்கள்” என்று ஒரு காரியத்தைக் கொடுத்துவிட்டு, பார்ப்பவரின் விரல் எங்கே தயங்குகிறது என்பதை மௌனமாகக் கவனியுங்கள்.

• ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். அந்த ஐவரில் வேலைக்கு ஆள் எடுப்பவர் ஒருவர் இருப்பது உத்தமம்.

• வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு காட்சிக்கும் சுமார் 16.7 மில்லிவினாடியே அவகாசமாதலால், உயர்ந்த மடிக்கணினியில் சீராக ஓடும் அசைவு, விலை குறைந்த கைப்பேசியில் திக்கித் திணறக்கூடும்; அதிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

• அசைவினால் தலைசுற்றல் அடைவோர் உண்டு. கைப்பேசியின் அமைப்புகளில் அசைவைக் குறைக்கும் வசதியை இயக்கியபின் தளம் அதற்கு இணங்குகிறதா என்றும், பிற விஷயங்களுக்கிடையே தானாகத் தொடங்கி 5 வினாடிக்கு மேல் நீடிக்கும் அசைவை நிறுத்த வழி உண்டா என்றும் அவசியம் பரிசோதியுங்கள்.

• வர்ணம் பற்றிய ருசிபேதங்களைப் பின்னுக்கு வைத்து, இருவர் தனித்தனியே சுட்டிய குறையை முதலில் திருத்தி, திருத்தியதை அவர்களிடமே மறுபடி காட்டுங்கள்.