எண் முன்னே, வினை பின்னே



கால்குலேட்டர் கையில் இருந்தால் கணக்குத் தெரிய வேண்டியதில்லை என்று உங்களுள் சிலர் எண்ணுகிறீர்கள். அவர்களுக்காக நம் வகுப்பில் கேட்ட ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தாயாருடன் கடைக்குச் சென்றாள். வாங்கியவை ஒரு குடையும் இரண்டு நோட்டுக் கட்டுகளும். குடை 240 ரூபாய், கட்டு ஒன்று 120 ரூபாய். கடைக்காரர் தம் கால்குலேட்டரில் 240 + 120 × 2 = என்று வரிசையாக அழுத்தினார். 720 என்று வந்தது. தாயார் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். "நானூற்று எண்பதுதானே வரும்?" என்று மெல்லக் கேட்டார். "மெஷின் பொய் சொல்லுமாம்மா?" என்றார் கடைக்காரர். தாயார் தம் மனக்கணக்கையே சந்தேகித்துப் பணத்தைக் கொடுத்துவிட்டார். வீட்டில் தாளில் போட்டுப் பார்த்த பிறகே உண்மை விளங்கியது. கடைக்காரர் வருந்தி 240 ரூபாயைத் திருப்பித் தந்தார். "டீச்சர், மெஷின் ஏன் தப்பாச் சொல்லிச்சு?" என்பது மாணவியின் கேள்வி. அதற்கு விடையே இக்கட்டுரை.

கருவி செய்தது என்ன?

கூட்டலும் பெருக்கலும் சேர்ந்து வந்தால் பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்பது நாம் கற்ற விதி. எளிய கால்குலேட்டருக்கு அவ்விதி தெரியாது. 240-உடன் 120-ஐக் கூட்டி 360 என்று வைத்துக்கொண்டது. அதை இரண்டால் பெருக்கி 720 என்றது. அறிவியல் கால்குலேட்டர்கள் விதியை அறிந்தவை; அதே பொத்தான்களுக்கு அவை 480 என்றே காட்டும். ஆகவே கருவி பொய் சொல்லவில்லை. நாம் சொன்னதை அது தன் வழக்கப்படி புரிந்துகொண்டது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மொழி உண்டு.

பழைய கருவிகளின் மொழி

அமெரிக்காவைச் சேர்ந்த டார் ஃபெல்ட் என்பவர் 1887-இல் காம்ப்டோமீட்டர் என்னும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பொத்தானை அழுத்திய உடனேயே அது கூட்டிவிடும். ஆனால் கழித்தலுக்குத் தனிப் பொத்தான் இல்லை; கழிப்பதையும் கூட்டித்தான் செய்ய வேண்டும்! 480-இல் 120 போக வேண்டுமானால், ஆயிரத்துக்கு 120 குறைவான 880-ஐக் கூட்டுவார்கள். 1360 வரும். முன்னால் உள்ள 1-ஐ விட்டுவிட்டால் 360. இதற்கு உதவியாக ஒவ்வொரு பொத்தானிலும் பெரிய எண்ணின் அருகே சிறிய எண் ஒன்று அச்சிட்டிருக்கும். இதைக் கற்பிக்கத் தனிப் பள்ளிகளே இருந்தன. அவற்றில் பயின்று அலுவலகங்களில் வேலைக்குச் சென்ற பெண்கள் மிகப் பலர்.

கணக்கர்களின் கூட்டல் கருவியில் வேறொரு வழக்கம். 8 அழுத்திப் பிறகு +, 3 அழுத்திப் பிறகு −, இறுதியில் மொத்தம். தொகையை முதலில் சொல்லி, அது வரவா செலவா என்பதைப் பின்னால் சொல்வது போன்றது இது.

போலந்து அறிஞரின் வழி

போலந்து நாட்டுத் தருக்க அறிஞர் யான் வுகாசேவிச் (1878–1956), அடைப்புக்குறியே இல்லாமல் எழுத ஒரு வழி கண்டார். + 3 4 என்று வினைக்குறியை எண்களுக்கு முன்னால் எழுதுவதே அது. அவருடைய நாட்டின் பெயரால் இதைப் போலிஷ் முறை என்றனர். பின்னர்க் கணிப்பொறி அறிஞர்கள் இதைத் திருப்பி, 3 4 + என்று குறியைக் கடைசியில் வைத்தனர். இதுவே தலைகீழ்ப் போலிஷ் முறை.

1972-இல் ஹியூலட்-பேக்கார்டு நிறுவனம் எச்.பி.-35 என்ற கருவியை வெளியிட்டது. விலை 395 டாலர். முப்பத்தைந்து பொத்தான்கள் இருந்ததால் அப்பெயர். சட்டைப் பைக்குள் அடங்கும் அக்கருவி மடக்கை, சைன், கொசைன் யாவும் கண்டுபிடித்தது. பொறியாளர்கள் அதுவரை கைவிடாதிருந்த நழுவு சட்டத்தை அது விரைவில் ஓய்வுபெறச் செய்தது. ஆனால் அதில் '=' பொத்தானே கிடையாது! பதிலாக 'என்டர்' என்ற பெரிய பொத்தான் இருந்தது. புதிதாக அதைக் கையில் வாங்கியவர் விடை பெறும் வழி தெரியாமல் விழிப்பார். பழகியவரோ வேறு கருவியைத் தொட விரும்பார்.

அது வேலை செய்யும் விதம் எளிது. சமையலறையில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். கடைசியில் வைத்ததையே முதலில் எடுக்கிறோம். இக்கருவிக்குள்ளும் நான்கு எண்களுக்கு இடமுள்ள ஓர் அடுக்கு உண்டு. குடைக் கணக்கை அதில் போடுவோம்:

240 என்டர் — அடுக்கில் 240
120 என்டர் — 240, 120
2 — 240, 120, 2
× — மேலுள்ள இரண்டும் பெருகி, 240, 240
+ — 480

அடைப்புக்குறியும் வேண்டாம், எதை முதலில் செய்வது என்ற குழப்பமும் இல்லை.

நம் தமிழின் வரிசை

இப்போது இதே கணக்கை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "240-உடன், 120-ஐ 2-ஆல் பெருக்கிக் கூட்டு." 240, 120, 2, பெருக்கு, கூட்டு! பொத்தான்களை அழுத்திய அதே வரிசை அல்லவா? ஆங்கிலத்தில் ஏவும்போது 'கூட்டு' என்ற சொல் முதலில் வரும். அது வுகாசேவிச்சின் வரிசை. தமிழில் வினை இறுதியில் வரும். பலருக்குத் தலைகீழாகத் தோன்றிய முறை நமக்கு நேரான முறையே.

கருவியும் தவறும்

கருவி தவறவே தவறாதா? எச்.பி.-35 வெளிவந்த பிறகு அதில் ஒரு பிழை தெரிந்தது. 2.02-இன் இயல் மடக்கையைக் கண்டு, உடனே அதைத் திருப்பினால் மீண்டும் 2.02 வர வேண்டும். அதுவோ 2 என்று காட்டியது. நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு, திருத்திய கருவியைத் தர முன்வந்தது. விடை என்னவாக இருக்க வேண்டும் என்று அறிந்தவர் இருந்ததால்தான் அப்பிழை வெளிப்பட்டது.

பயிற்சி: இவற்றைத் தமிழில் சொல்லி, பிறகு பொத்தான் வரிசையை எழுதுக.
1. 50 − 6 × 7
2. (8 + 4) ÷ 3
(விடை: 50 6 7 × − , 8, 8 4 + 3 ÷ , 4. முதல் கணக்கை எளிய கால்குலேட்டரில் எழுதியபடியே போட்டால் 308 வரும்; போட்டுப் பாருங்கள்.)

மாணவியரே! கருவியைப் பயன்படுத்துங்கள், ஆனால் விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்பதை முன்பே மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அன்று கடையில் சரியான விடையைச் சொன்னவர் அந்தத் தாயார் ஒருவர்தாம். அடுத்த முறை உங்கள் அம்மா மனக்கணக்காக ஒரு தொகையைச் சொன்னால், கருவியை எடுக்கும் முன் அவர் எப்படிக் கணக்கிட்டார் என்று கேளுங்கள்.