மாவு பாக்கெட்டை எண்ணச் சொன்னால்

மார்க்கெட் ரிசர்ச் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்களில் பலர் எக்செல், எஸ்பிஎஸ்எஸ், புள்ளியியல் சூத்திரங்கள் என்று உருப்போட்டுக்கொண்டு வருகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் எங்களைப் போல எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முக்கியமாகப் பார்ப்பது, இந்த ஆய்வை வைத்துக் கம்பெனி என்ன முடிவெடுக்கப் போகிறது என்று கேட்க உங்களுக்குத் தோன்றுகிறதா என்பதைத்தான்.

"சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் இட்லி மாவு விற்கும்?" இந்த மாதிரி ஒரு கேள்வி அநேகமாக வரும். மாவுக்குப் பதில் ஹெல்மெட்டாகவோ டயபராகவோ இருக்கலாம். சரியான விடை கேட்பவருக்கே தெரியாது. 70 லட்சம் பேர், வீட்டுக்கு 4 பேர், ஆக 17.5 லட்சம் வீடுகள் என்று ஆரம்பியுங்கள். ஐந்தில் இரண்டு வீடுகள் பாக்கெட் மாவு வாங்குகின்றன, வாரத்துக்கு 2 பாக்கெட் என்று வைத்தால் 7 லட்சம் வீடுகளுக்கு வாரம் 14 லட்சம், நாளைக்கு 2 லட்சம் பாக்கெட். ஒவ்வொரு எண்ணையும் அனுமானம் என்று சொல்லியே வையுங்கள்.

கணக்கைத் தொடங்கும் முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பிராண்டு பெயர் போட்ட பாக்கெட் மட்டுமா, தெருமுனைக் கடையில் கவரில் ஊற்றிக் கட்டித் தருவதும் சேர்த்தியா? பிராண்டுகளுக்குள் தன் பங்கு எவ்வளவு என்று பார்ப்பவருக்கு முதலாவது போதும். புதிதாக மாவு விற்க இறங்குபவருக்கு அந்தத் தெருமுனைக் கடைதான் முதல் போட்டி. இதைக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுப்பவர் கூட்டல் கழித்தலில் சற்றுத் தடுமாறினாலும் நான் பொருட்படுத்துவதில்லை.

அடுத்து ஒரு கேள்வித்தாளைக் கையில் கொடுத்துக் குறை சொல்லச் சொல்வார்கள். "இந்த சோப்பின் மணமும் விலையும் பிடித்திருக்கிறதா?" என்பதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருப்பதை எல்லோரும் பிடித்துவிடுகிறார்கள். முதல் கேள்வியிலேயே பிராண்டு பெயரைச் சொல்லிவிட்டு, நான்காவது கேள்வியில் "நினைவுக்கு வரும் சோப்புகள் எவை?" என்று கேட்டிருப்பதைப் பிடிப்பவர்கள் குறைவு. வரிசையையும் பாருங்கள்.

எண்களைக் கொடுத்தும் கேட்பார்கள்: "400 பேரில் 52% பேருக்குப் புது பாக்கிங் பிடித்திருக்கிறது. மாற்றலாமா?" சாம்பிளை ஒழுங்காக எடுத்திருந்தாலும் இதில் ஏறக்குறைய 5 புள்ளி மேலே கீழே போகும். பாதிக்கு மேல் ஆதரவு என்று அடித்துச் சொல்ல முடியாது. நான்கு ஊர்களாகப் பிரித்தால் ஊருக்கு 100 பேர், தள்ளாட்டம் கிட்டத்தட்ட 10 புள்ளி. இதைச் சொல்லிவிட்டு, பாக்கிங் மாற்ற ஆகும் செலவு எவ்வளவு என்று கேளுங்கள்.

ஆய்வு தவறிப்போனதற்கு உதாரணமாக நியூ கோக் கதையைச் சொல்வதானால் முழுதாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. 1985-இல் கோகோ கோலா தன் பழைய பானத்தை நிறுத்திவிட்டுப் புதிய சுவையைக் கொண்டுவரும் முன் சுமார் 2 லட்சம் பேரிடம் சுவை பார்க்கச் சொன்னார்கள், புதியதே நன்றாக இருக்கிறது என்று பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். பழையது இனிக் கிடைக்காது என்றால் எப்படி இருக்கும் என்பதுதான் அந்தச் சோதனையில் சரியாக எடைபோடப்படவில்லை.

ஃபீல்டு சம்பந்தமான வேலையென்றால், நுகர்வோர் குடும்பங்களைத் தரம் பிரிக்கும் என்சிசிஎஸ் முறை தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிப்பவரின் படிப்பு, 11 பொருட்களில் வீட்டில் எத்தனை இருக்கின்றன, இவை இரண்டையும் வைத்து ஏ1 முதல் இ3 வரை 12 தரங்கள். நேரே வருமானத்தைக் கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்?

கூடவே நேர்மையைச் சோதிக்கும் கேள்வியும் வரும். நாளை ரிப்போர்ட், ஒருவர் 20 படிவங்களை வீட்டிலேயே உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார். என்ன செய்வீர்கள்? அவர் கொண்டுவந்தது முழுவதையும் நீக்கி, அதே குழுவின் மற்ற படிவங்களுக்கு பேக் செக் போட்டு (பதில் சொன்னவர்களை மீண்டும் தொடர்புகொண்டு சரிபார்த்து), தாமதமாகும் என்று கிளையண்டிடம் சொல்ல வேண்டும். மிச்சப் படிவங்களுக்கு வெயிட்டேஜ் போட்டுச் சரிக்கட்டலாம் என்பவரை நாங்கள் எடுப்பதில்லை.

கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். சம்பளம், லீவு எல்லாம் ஹெச்.ஆரிடம் பேசிக்கொள்ளலாம். இங்கே கேட்க வேண்டியது, இந்த வேலையில் மக்களை நேரில் பார்ப்போமா, இல்லை வெளிநாட்டு கிளையண்டுக்காக உட்கார்ந்த இடத்தில் தகவல் திரட்டுவதா என்பது. இரண்டுக்குமே ரிசர்ச் எக்ஸிகியூட்டிவ் என்ற ஒரே பெயர்தான் ஆர்டரில் இருக்கும்.