கடைப்பணியாளரும் களவுப் பழியும்

கோவில்பட்டிக் கடைத்தெருவில் துணிக்கடையாயினும் கடலைமிட்டாய்க் கடையாயினும், இரவில் கல்லாவில் பணம் குறைந்தால் முதல் ஐயம் பணியாளர் மீதே விழும். களவு குற்றமே, வள்ளுவர் கள்ளாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். முதலாளியின் இழப்பும் பொய்யன்று. ஆயின் பழியை மெய்ப்பிக்கும் முறை யாது என்பதே நம் வினா.

சிலப்பதிகாரத்தை நோக்குவோம். பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன் கோவலனை அழைத்து ஒரு சொல்லும் வினவினானல்லன். பரல் முத்தா, மாணிக்கமா எனப் பின்னர்க் கண்ணகி உடைத்துக் காட்டியதை முன்னரே பார்த்திருக்கலாம். மாணவர்கள் கண்ணகியின் சினத்தை மனப்பாடம் செய்கின்றனர். இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, 6 மாதங்களேனும் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது என்கிறது. ஒரு மாத அறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தரவேண்டும். குற்றஞ்சாட்டி அறிவிப்பின்றி நீக்குவதாயின், விசாரணை நடத்திச் சான்றுகளைப் பதிவு செய்தல் வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு. சட்டம் தடுப்பது கடுமையை அன்று, அவசரத்தையே. 6 மாதம் நிறையுமுன் நீக்கப்படுவோர்க்கு இக்காப்பு எட்டாது. இத்தகைய சிறுநகரில் திருட்டுப் பட்டம் சுமந்தவரை அடுத்த கடைக்காரரும் சேர்க்கத் தயங்குவார்.

குறைந்த தொகையை எல்லார் சம்பளத்திலும் பகிர்ந்து பிடிப்பதோ, எடுக்காதவரும் தண்டம் கட்டுவதாகும். அதனை நேர்மையென நாம் ஏற்பதற்கில்லை.